சிரிப்பு யார் தலையில்?

ஓடுகிற படத்துக்குக் குரலை மாற்றிச் சிரிக்க வைப்பது சில்லறை வேலை என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். அயர்லாந்தைப் பாருங்கள் நண்பர்களே! 1989-இல் தொடங்கிய 'ஃபேர் சிட்டி' தொடர் அங்கே இன்னமும் ஓடுகிறது. வசனம் முடிஞ்சும் கேமரா முகத்தை விட்டு நகராதே, அந்தச் சங்கதியெல்லாம் அந்த ஜனங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதை வைத்துத்தான் 2007-இல் பாரி மர்ஃபியும் மார்க் டோஹர்ட்டியும் 'சூப்பி நார்மன்' செய்தார்கள். போலந்து நாட்டுத் தொடர் ஒன்றின் காட்சிகளை வெட்டி ஒட்டி, சொந்தமாக வசனம் எழுதி, ஐரிஷ் குரல் கொடுத்தார்கள். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்!

2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் வேலை தேடி அயர்லாந்து வந்தவர்கள் ஏராளம். 2006 கணக்கெடுப்பில் போலந்துக்காரர்கள் 63 ஆயிரத்துக்கும் மேல். பிழைக்க வந்தவன் பேச்சைக் கிண்டலடிச்சிருந்தா கைதட்டல் சுலபமா கிடைச்சிருக்கும். (அதுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.) இவர்களோ அந்தப் போலந்து முகங்களைக் கார்க் பகுதியிலுள்ள பட்டவன்ட் ஊர்க் குடும்பமாக்கி, தங்கள் வீட்டுப் புலம்பலை அந்த வாய்களில் போட்டார்கள். சிரிப்பு விழுந்தது உள்ளூர்க்காரன் தலையில். பட்டவன்ட்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் அது வீட்டுச் சண்டைதானே!