தகுதியற்ற படமா, தகுதியற்ற வாக்குமுறையா?

ஆஸ்கர் விருதுகள் அறிவிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது: 'சிறந்த படம்' என்ற விருது உரிய படத்துக்குத்தான் போய்ச் சேர்ந்ததா? 1929-இல் தொடங்கிய இவ்விருதின் வரலாற்றில், தகுதியின்றி வென்றவை என்று குற்றம் சாட்டப்படும் படங்களின் பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலை வாசிப்பவர்கள் பெரும்பாலும் வாக்களித்தவர்களின் ரசனையைப் பழித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாக்குகள் எண்ணப்பட்ட முறையைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சிறந்ததை வென்ற நல்ல படம் ஒரு வகை. வெல்லத் தகுதியே இல்லாத படம் வேறு வகை. 1941-ஆம் ஆண்டுப் படங்களுக்கான போட்டியில் ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' தோற்று, ஜான் ஃபோர்டின் 'ஹௌ க்ரீன் வாஸ் மை வேலி' வென்றது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடும்பம் ஒன்று சிதறுவதைச் சொல்லும் ஃபோர்டின் படம் எந்த அளவுகோலிலும் நல்ல படமே. கேனைத் தோற்கடித்த படம் என்ற ஒரே அடையாளத்துடன் அது இன்று நினைக்கப்படுவதுதான் அநீதி. தம்மைச் சித்திரிப்பதாகக் கருதப்பட்ட 'சிட்டிசன் கேன்' மீது பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் பகை கொண்டார். அவருடைய நாளிதழ்கள் அப்படத்தைப் புறக்கணித்தன. ஒன்பது பரிந்துரைகள் பெற்ற படத்துக்கு மூலத் திரைக்கதை விருது ஒன்றே மிஞ்சியது.

1952-ஆம் ஆண்டுக்கான விருதை இவ்வளவு எளிதில் ஆதரிக்க இயலாது. சர்க்கஸ் கூடாரத்தைக் களமாகக் கொண்ட சிசில் பி. டிமில்லின் 'தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்', 'ஹை நூன்' படத்தை வென்றது. 'சிங்கிங் இன் தி ரெயின்' சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. 'ஹை நூன்' படத்தின் திரைக்கதையாளர் கார்ல் ஃபோர்மன், கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர் என்பது அக்காலத்துச் சூழலை உணர்த்தும்.

அண்மைக்கால வழக்குகள் இன்னும் கூர்மையானவை. 1998-ஆம் ஆண்டுப் படங்களில் 'சேவிங் பிரைவேட் ரயன்' வெல்லும் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டபோது 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' வென்றது. 2005-இல் 'ப்ரோக்பேக் மவுன்டன்' இருக்க, 'க்ராஷ்' வென்றது. இரு ஆண்டுகளிலும் இயக்குநருக்கான விருதை முறையே ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் ஆங் லீயும் பெற்றார்கள். அவர்களின் படங்கள் தோற்றன. 2015-இல் 'தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' இதழ் அகாதெமி உறுப்பினர்கள் பலரிடம் பழைய போட்டிகளுக்கு மறுவாக்கு கேட்டபோது, இவ்விரு முடிவுகளும் தலைகீழாயின. 'க்ராஷ்' படத்தை இயக்கிய பால் ஹாகிஸே தம் படம் அவ்வாண்டின் சிறந்த படம் என்று தாம் கருதவில்லை என அதே ஆண்டில் ஒப்புக்கொண்டார்.

இனி எண்ணும் முறைக்கு வருவோம். 1940-களின் பிற்பகுதி முதல் 2008 வரை நடைமுறை எளிதாக இருந்தது: ஐந்து படங்கள், உறுப்பினருக்கு ஒரு வாக்கு, அதிக வாக்கு பெற்ற படத்துக்கு விருது. நம் நாட்டுத் தேர்தல் முறையும் இதுவே. ஐந்துமுனைப் போட்டியில் வாக்குகள் சிதறினால், 20 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலாகப் பெற்ற படமும் வாகை சூடலாம். எஞ்சிய ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அதை அடியோடு வெறுத்தாலும் அது முடிவைப் பாதிக்காது.

2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து அகாதெமி பரிந்துரைகளின் எண்ணிக்கையைப் பத்தாக்கியது. சிறந்த படத்துக்கு மட்டும் தரவரிசை வாக்குமுறையைக் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் படங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகிறார்கள். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதல் வாக்குகளைப் பெறாவிட்டால், கடைசி இடத்துப் படம் நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். ஒரு படம் பாதியைக் கடக்கும்வரை இது தொடரும்.

இதனால் சிக்கல் தீர்ந்ததா? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வாக்காளர்கள் 100 பேர்; படங்கள் மூன்று. 40 பேரின் வரிசை அ, இ, ஆ. 35 பேரின் வரிசை ஆ, இ, அ. எஞ்சிய 25 பேரின் வரிசை இ, ஆ, அ. பழைய முறைப்படி 40 வாக்குகளுடன் 'அ' வெல்லும். 60 பேருக்கு அது கடைசிப் படம் என்பதைப் பற்றிக் கவலையில்லை. புதிய முறைப்படி 25 வாக்குகள் மட்டுமே பெற்ற 'இ' முதலில் நீங்கும். அவ்வாக்குகள் 'ஆ'வுக்குச் சேர, 60 வாக்குகளுடன் 'ஆ' வெல்லும். ஆனால் நேருக்கு நேர் நிறுத்திப் பாருங்கள்: 'இ' படம் 'அ'வை 60-க்கு 40 என்றும், 'ஆ'வை 65-க்கு 35 என்றும் வெல்கிறது. எவருக்குமே கடைசி இடத்தில் இல்லாத அந்தப் படம்தான் முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது. வாக்குச் சீட்டுகள் மாறவில்லை, ரசனை மாறவில்லை. விதி மாற மாற வெற்றியாளர் மாறுகிறார்.

நேருக்கு நேர் ஒப்பிடும் இந்த அளவுகோலை 18-ஆம் நூற்றாண்டிலேயே முன்வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கும்போது, நியாயமானவை என நாம் கருதும் சில நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை வாக்குமுறை எதுவும் இருக்க முடியாது என்று 1951-இல் நிறுவினார் கென்னத் ஆரோ. 1972-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆகவே 'சிறந்த படம்' என்பது, நாம் தேர்ந்தெடுத்த விதி கண்டெடுத்த படம் என்பதற்கு மேல் வேறொன்றுமில்லை.

2018-ஆம் ஆண்டின் முடிவை இந்த வெளிச்சத்தில் காணலாம். மெக்சிகோ நகர வீடொன்றின் பணிப்பெண்ணை மையமாகக் கொண்ட அல்போன்சோ குவாரோனின் 'ரோமா' அவருக்கு இயக்குநர் விருதைத் தந்தது. படத்துக்கான விருதோ 'கிரீன் புக்' படத்துக்குச் சென்றது. அதன் இயக்குநர் பரிந்துரைகூடப் பெறவில்லை. இயக்குநர் விருது பழைய முறையிலும் பட விருது தரவரிசை முறையிலும் எண்ணப்படுகின்றன. இந்தப் பிளவுக்கு விதியே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே விதி இருந்த 1998-இலும் 2005-இலும் பிளவு நேர்ந்ததே. ஆயினும், யாரையும் உறுத்தாத படத்துக்குத் தரவரிசை முறை சாதகமானது என்ற ஐயம் அன்று வலுத்தது. கறுப்பின இசைக் கலைஞர் டான் ஷெர்லியின் வாழ்வை அவருடைய வெள்ளையின ஓட்டுநரின் பார்வையில் சொன்ன அப்படத்தை ஷெர்லியின் உறவினர்களே ஏற்கவில்லை. 1989-ஆம் ஆண்டுக்கான விருதையும் ஓட்டுநரும் முதலாளியும் நட்பாகும் 'டிரைவிங் மிஸ் டெய்சி' பெற்றது. இனப் பகைமையை நேருக்கு நேர் பேசிய ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' அவ்வாண்டு படப் பரிந்துரையைக்கூட எட்டவில்லை. ஆறுதல் சொல்லும் கதை வெல்வதும், கேள்வி கேட்கும் கதை வெளியே நிற்பதும் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

விதிக்கு அப்பாலும் குறைகள் உண்டு. 2012-இல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நடத்திய ஆய்வின்படி, அகாதெமியின் வாக்காளர்களில் 94 விழுக்காட்டினர் வெள்ளையர். 77 விழுக்காட்டினர் ஆண்கள். கண்டனங்களுக்குப் பின் 2016 முதல் அகாதெமி புதிய உறுப்பினர்களைப் பெருமளவில் சேர்த்தது. 2019-ஆம் ஆண்டுக்கான விருதைத் தென்கொரியாவின் 'பாரசைட்' வென்றது, ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் முதன்முறையாக வென்ற நிகழ்வு. மற்றொரு குறை விளம்பரம். எல்லாப் படங்களையும் பார்க்க நேரமில்லாத வாக்காளர், காதில் அதிகம் விழும் பெயரை நோக்கிச் சாய்வார். 1998-இல் மிராமாக்ஸ் நிறுவனம் நடத்திய பிரசாரம் இன்றும் பேசப்படுவது அதனால்தான். ஒரு பிரிவின் இறுதி வாக்கைப் பதிவதற்கு அப்பிரிவின் அனைத்துப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை அகாதெமி 2025-இல்தான் அறிவித்தது. ஒரு தீர்ப்பாளரிடம் எதிர்பார்க்கும் குறைந்தபட்சக் கடமையை எழுத்தில் வடிக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

இவை அனைத்தையும்விட முக்கியமான குறை, இரகசியம். தொடக்கக்காலத்தின் சில ஆண்டுகளைத் தவிர, எந்தப் படம் எத்தனை வாக்குகள் பெற்றது என்பதை அகாதெமி வெளியிட்டதில்லை. 'க்ராஷ்' எத்தனை வாக்குகளில் வென்றது, 'ரோமா' எத்தனையாவது சுற்றுவரை தாக்குப்பிடித்தது என்பவை தெரிந்தால், ரசனையைக் குறை சொல்வதா விதியைக் குறை சொல்வதா என்பதற்கு விடை கிடைத்துவிடும். நோபல் பரிசுக் குழுக்கள் தங்கள் பரிந்துரை ஆவணங்களை 50 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுகின்றன. அதனால் பரிசின் மதிப்பு குன்றிவிடவில்லை. அகாதெமியும் 25 ஆண்டுகள் கடந்த வாக்கு எண்ணிக்கையையாவது வெளியிடுவதில் என்ன இழப்பு?

இது வெறும் கேளிக்கை வாதம் அன்று. விருது பெற்ற படம் புதிய திரையரங்குகளையும் புதிய சந்தைகளையும் அடைகிறது. அதைப் போன்ற அடுத்த படத்துக்கு முதலீடு கிடைக்கிறது. பல்லாண்டுகள் கழித்துச் சேமித்து வைக்கப்படுவதற்கும் பாடமாக்கப்படுவதற்கும் அது முன்வரிசையில் நிற்கிறது. எவருடைய வாழ்க்கை திரையில் சொல்லப்படும் என்பதை விருது ஓரளவு தீர்மானிக்கிறது. அத்தகைய அதிகாரம் உள்ள தீர்ப்பு, பிழையற்றதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கணிதமே அதற்கு இடம் தரவில்லை. ஆனால் பிழையைப் பரிசோதிக்க வழி திறந்திருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).