பெட்டிக்குள் ஒரு தமிழ்த் தாள்

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் கால் வைக்க இடமிருக்காது. வேலையும் கோயிலும் முடித்து ஜம்பட்டா வீதி மாடிவீடுகளுக்குத் திரும்புகிறவர்களில் பலரின் கையில் ஒரு சோற்றுப் பார்சல் இருக்கும். ஆறிப்போன பார்சல் அப்படியே மைக்ரோவேவுக்குள் போகிறது: உள்ளே லஞ்ச் ஷீட், வெளியே பத்திரிகைத் தாள், சில வேளை மூலையில் ஒரு ஸ்டேப்ளர் கம்பியும். கொதிக்கும் எண்ணெய்க் கறி லஞ்ச் ஷீட்டை இளக்கிவிடும். கம்பியில் பொறி பறந்தால் கடதாசி பற்றிக்கொள்ளும்.

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டையும் ரிஜிபோம் பெட்டியையும் அரசு 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி தடைசெய்தது. அது சுற்றாடலுக்காக வந்த தடை. அதற்குப் பதிலாக உக்கிப்போகும் என்று விற்கப்படும் தாள் சூட்டையும் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை; வாங்குகிறவர்தான் அப்படி நினைத்துக்கொள்கிறார்.

2021 இறுதியில் காஸ் சிலிண்டர்கள் வெடித்தபோது குசினிக்குள் போகவே பெண்கள் பயந்தார்கள். அந்தப் பயத்திலேயே சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்க வீடு முழுவதும் கற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு காஸ் வரிசையில் நின்று களைத்தவர்கள் மின்சார அடுப்புகளை நாடினார்கள். மைக்ரோவேவுக்கு மட்டும் அப்படியொரு பாடம் நடக்கவேயில்லை.

தேத்தண்ணிக்குச் சுடவைக்கும் வெறும் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். கேத்தலில் கொதி வந்தால் குமிழி தெரியும், சத்தம் கேட்கும். மைக்ரோவேவில் வழுவழுப்பான கோப்பையில் வைத்த தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் அசையாமல் நிற்கக்கூடும், ஏனென்றால் குமிழி பிடித்து எழும்ப அதற்கு இடம் கிடைப்பதில்லை. கரண்டியை விட்டதும், தேயிலைப் பையைப் போட்டதும், முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் முகத்துக்கு எழும்பும். மரக்குச்சி ஒன்றைக் கோப்பைக்குள் போட்டுச் சுடவைப்பதும், நிறுத்தியபின் அரை நிமிடம் தொடாமல் விடுவதும் இதைத் தடுக்கும். முட்டையும் இப்படித்தான். ஓட்டோடு வைத்தால் ஆவி வெளியேற வழியின்றி வெடிக்கும். சில வேளை வெளியே எடுத்துக் கடித்தபின் வெடிக்கும்.

பிள்ளையின் பால்போத்தலை மைக்ரோவேவில் சுடவைக்கவே கூடாது. போத்தல் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போதே நடுவிலுள்ள பால் வாயைச் சுட்டுவிடும். கறிக்கோ நேர்மாறான ஆபத்து: அலைகள் ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அதிகம் ஊடுருவுவதில்லை, ஆகவே ஓரம் ஆவி பறக்க நடு குளிர்ந்தே கிடக்கும். இடையில் நிறுத்திக் கிளறி, எல்லாப் பக்கமும் 70 பாகையாவது எட்டவேண்டும். வெள்ளி விளிம்பு பூசிய பீங்கானும், கதவு சரியாக மூடாத பெட்டியும் வேண்டாம். ஹொட்பிளேட்டோடு ஒரே மல்டிபிளக்கில் செருகவும் வேண்டாம்.

இவையெல்லாம் மைக்ரோவேவோடு வரும் கையேட்டில் உண்டு, ஆனால் பல பெட்டிகளில் அது ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. பகலில் அந்தப் பெட்டியை இயக்குவது அம்மம்மாவும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும். 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. பொருட்களின் மேல் என்ன எழுதவேண்டும் என்று வியாபாரிகளைப் பணிக்கும் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தங்கள் சபைக்குத் தந்திருக்கிறது.

ஆகவே கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள், கதவில், கை படும் இடத்தில், முட்டை, பால்போத்தல், கம்பி, லஞ்ச் ஷீட் நான்கையும் படத்தோடு விலக்கும் ஒரு ஸ்டிக்கர். நத்தார் மலிவு விற்பனைக்கு இறங்கும் பெட்டிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம்.