கிரிக்கெட் வளர்கிறதா? தேய்கிறதா?



இந்த மாதச் சுவர் இதழுக்கு "இன்றைய கிரிக்கெட்டும் நாளைய கிரிக்கெட்டும்" என்று தலைப்பு கொடுத்ததுமே எங்கள் வகுப்பில் பையன்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். "உனக்கு என்ன தெரியும்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை!

பெரியப்பா சொல்வது

எங்கள் பெரியப்பா ஒரு பழைய கிரிக்கெட் பைத்தியம். ஐ.பி.எல். ஓடும்போதெல்லாம், "இதெல்லாம் ஒரு ஆட்டமா? கிரிக்கெட் செத்து ரொம்ப நாளாச்சு" என்பார். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாள் ஆடி, கடைசி ஓவரில் 'டை' ஆன டெஸ்ட்டை அவர் டிரான்சிஸ்டரில் கேட்டவர். அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தாராம். டெஸ்ட் வரலாற்றிலேயே இதுவரை இரண்டு ஆட்டம்தான் 'டை' ஆகியிருக்கிறது. அதைக் கேட்டவருக்கு மூன்று மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் சப்பென்றுதான் இருக்கும். அதில் தப்பில்லை.

ஆனால் அவர் சொல்வது முழுசும் சரியா?

காசு வந்த கதை

2007-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பாகிஸ்தானை 5 ரன்னில் ஜெயித்து முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை நாம் வாங்கினோம். மறு வருஷமே 8 அணிகளோடு ஐ.பி.எல். வந்தது. 2022-லிருந்து 10 அணிகள். 2023 முதல் 2027 வரைக்கும் ஐ.பி.எல்.லைக் காட்டுகிற உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போயிருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு 100 கோடிக்கும் மேலே!

இவ்வளவு காசு ஒரு பக்கம் கொட்டினால் மறுபக்கம் என்ன ஆகும்? 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்கு டெஸ்ட் ஆடப் போனது. அதே நேரத்தில் அவர்கள் நாட்டு இருபது ஓவர் லீக் நடந்ததால் பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் போகவில்லை. அதுவரை ஒரு டெஸ்ட் கூட ஆடாத நீல் பிராண்ட் என்பவரே கேப்டன்! பெரியப்பாவின் பயம் வீண் இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் வேடிக்கை பாருங்கள். அதே தென்னாப்பிரிக்காதான் 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. ஆக, டெஸ்ட் சாகவில்லை. ஒருநாள் ஆட்டத்தின் பாடுதான் மத்தளம் மாதிரி, ரெண்டு பக்கமும் இடி!

விதியை மாற்றுகிறார்கள் என்பது இன்னொரு புகார். 2023-ல் 'இம்பாக்ட் பிளேயர்' வந்ததும் பலரும் கத்தினார்கள். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. நம்ம கண்மாயில் ஆள் ஒத்தப்படையா வந்தா ஒருத்தரை 'ஜோக்கர்' ஆக்கி ரெண்டு பக்கமும் பேட் பிடிக்க விடுறோமே! கருவேலங்காட்டுக்குள்ள அடிச்சா அவுட்னு சொல்றோமே! விதி மாறினா ஆட்டம் சாகாது. ஆடுறதுக்கு ஆள் இல்லாமப் போனாத்தான் சாகும்.

கடைமடைக்குத் தண்ணீர்

காசு கெட்டது மட்டும்தான் செய்தது என்றும் நான் சொல்லமாட்டேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் அண்ணன், நம்ம ஊர்ப் பையன்கள் மாதிரி டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் தொடங்கியபோதுதான் அவருடைய யார்க்கரை எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த வருஷம் ஐ.பி.எல்.லில் 3 கோடிக்கு எடுத்தார்கள். 2020-ல் வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகிவிட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நாம் ஜெயித்த அந்த டெஸ்ட்டில் அவரும் இருந்தார். அப்புறம் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் கட்டி 2023-ல் திறந்தார். லீக் இல்லை என்றால் இவரை யார் தேடிப் போயிருப்பார்கள்?

ஆனால் ஒரு நடராஜன் போதுமா? மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக் கால்வாய் வழியாக நம்ம நாகுடி கடைமடைக்கு வருவதற்குள் எவ்வளவு நாளாகிறது! கிரிக்கெட் காசும் அப்படித்தான். மேல் மடையில் கரை புரளுது, கடைமடை காய்ஞ்சு கிடக்குது. நம்மில் எத்தனை பேர் தோல் பந்தைக் கையில் தொட்டிருப்போம்? பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கிற டென்னிஸ் பந்துப் போட்டியோடு நம்ம பையன்கள் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அதைவிட மோசம், ஆடுகிறவன் குறைந்து பார்க்கிறவன் கூடுகிறான். சாயங்காலம் கண்மாயில் இருந்த கூட்டம் இப்போது செல்போனுக்குள் இருக்கிறது. பணம் கட்டி 'டீம்' போட்டு ஆடுகிற விளையாட்டில் பாக்கெட் காசைத் தொலைத்த அண்ணன்மார் எங்கள் தெருவிலேயே உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு அந்தப் பண விளையாட்டுகளைத் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் சட்டம் கையில் இருப்பதைத்தான் பிடுங்கும், பேட்டைக் கொண்டுவந்து கொடுக்காது.

என் கதை

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் நாலாவது படித்தேன். தோப்பில் சாய்ந்து கிடந்த தென்னை மட்டையை எடுத்து என் அண்ணன் பேட் செதுக்கினான். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அதுதான் எங்களுக்கு வேலை. அப்படித்தான் நான் கிரிக்கெட் கற்றுக்கொண்டேன். அண்ணன் கூட்டாளிகள் என்னை முதலில் பந்து பொறுக்கத்தான் சேர்த்தார்கள். ஒருநாள் ஆள் பத்தலை. பந்து போடக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்டம்ப்பைச் சாய்த்தேன். அதுக்கப்புறம் நான்தான் முதல் ஓவர்!

எட்டாம் வகுப்போடு அது முடிந்தது. "பெரிய மனுசி ஆயிட்ட, இனிமே என்ன கண்மாய்ல ஓடிக்கிட்டு?" என்றார்கள் வீட்டில். அண்ணனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெண்கள் கிரிக்கெட் என்னவோ நேற்று முளைத்தது என்று நினைக்கிறார்கள். முதல் உலகக் கோப்பையே பெண்களுக்குத்தான் நடந்தது தெரியுமா? அது 1973-ல். ஆண்களுக்கு 1975-ல்தான்! நம் பெண்கள் 2005-லும் 2017-லும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம் 2022-ல்தான் அறிவித்தார்கள்.

2025 நவம்பர் 2-ந் தேதி ராத்திரி. நவி மும்பையில் இறுதி ஆட்டம். எங்கள் வீட்டில் டி.வி. முன்னால் நானும் அப்பத்தாவும் மட்டும். ஷஃபாலி வர்மா 87 ரன், தீப்தி சர்மா 58 ரன் அடித்து 5 விக்கெட்டும் எடுத்தார். தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்தோம். கிரிக்கெட்டே தெரியாத அப்பத்தா கேட்டுச்சு: "இந்தப் புள்ளைக எல்லாம் எங்க ஆடிப் பழகுச்சுக?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இங்கே பழக இடம் இல்லாமல் இல்லை. நம் பள்ளி மைதானம் இருக்கிறது. விளையாட்டுப் பீரியடில் பையன்கள் நடுவில் ஆடுகிறார்கள், நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறோம். சில நாள் அந்தப் பீரியடையும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது!

நான் கேட்பது

2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது. 1900-க்குப் பிறகு இப்போதுதான். அதில் பெண்கள் அணிகளும் உண்டு. கிரிக்கெட்டின் எதிர்காலம் அங்கே இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். பாதி ஊரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு ஒரு விளையாட்டு எப்படி வளரும்?

தலைமையாசிரியர் ஐயாவுக்கும் உடற்கல்வி ஆசிரியர் ஐயாவுக்கும் பணிவான வேண்டுகோள். வாரத்தில் இரண்டு சாயங்காலம், மைதானத்தில் பாதி, ஒரு பேட், இரண்டு பந்து. இவ்வளவுதான். பேட் இல்லையென்றாலும் பரவாயில்லை, தென்னை மட்டை இருக்கு.

தோழிகளே! ஒரு அணிக்குப் பதினோரு பேர் வேண்டும். இப்போது ஏழு பேர் இருக்கிறோம். சேர நினைப்பவர்கள் மதிய இடைவேளையில் 11 'பி' வகுப்பில் பெயர் கொடுங்கள். வீட்டில் திட்டு விழும் என்று பயமா? எனக்கும்தான். சேர்ந்தே வாங்கிக்கலாம்!

பின் பெஞ்ச் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்களோடு ஒரு ஆட்டம் ஆடத் தயாரா? முதல் ஓவர் நான்தான் போடுவேன்.

– பதினோராம் வகுப்பு மாணவி