பொட்டாஷ் மூட்டையும் பொட்டாசியத்தின் எடையும்

கேள்வி: பொட்டாசியத்தில் கதிரியக்கம் உள்ள வகையும் உண்டு என்று மகளின் வேதியியல் பாடநூலில் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கும் பூண்டுக்கும் பொட்டாஷ் இடலாமா?
– வாசகர், பூம்பாறை, கொடைக்கானல்

பதில்: தாராளமாக இடலாம். ஒரே தனிமத்தில் எடை மாறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். பொட்டாசியத்தில் 100 அணுக்களுக்குச் சுமார் 93 அணுக்களின் நிறை 39. மற்ற 7 அணுக்களின் நிறை 41. கிழங்குகளை நிறுத்துச் சராசரி பார்ப்பதுபோல் கணக்குப் போடுங்கள்: 93 × 39 = 3627; 7 × 41 = 287; மொத்தம் 3914. நூறால் வகுத்தால் 39.14. பாடநூலில் உள்ள 39.1 இதுதான்.

கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 பத்தாயிரம் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இந்த விகிதம் மண்ணிலும், மலைவாழைப் பழத்திலும், நம் உடம்பிலும் இயற்கையாகவே உள்ளது.

இந்த எடை உரக் கணக்குக்கும் உதவும். மூட்டையில் உள்ள 60 சதம், பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு. அதில் பொட்டாசியம் இரண்டு பங்கு (78.2), ஆக்சிஜன் ஒரு பங்கு (16), அதாவது பொட்டாசியம் 83 சதம். எனவே 50 கிலோ மூட்டையில் ஆக்சைடு 30 கிலோ, பொட்டாசியம் சுமார் 25 கிலோ.

பயந்து பொட்டாஷை நிறுத்தினால், சத்துக் குறைந்த மண்ணில் கிழங்கு சிறுத்துவிடும். மண் பரிசோதனைப்படி அளவாக இடுங்கள்.