போர்க்காலத்தில் விசுவாசிகளின் கடன்

2022இல் உக்ரேனிலும் 2023இல் காசாவிலும் போர் மூண்டபோது, உலக முடிவைக் கணிக்கத் தலைப்பட்ட கிறிஸ்தவர் பலர். அந்நாளை ஒருவரும் அறியார் என்று ஆண்டவரே அறிவுறுத்தியிருக்க, இக்கணிப்பால் யாது பயன்? விசுவாசம் வருவதுரைக்கும் சோதிடம் அன்று. இன்று செய்யத்தக்கதைக் காட்டும் விளக்கு என்பதே எம் துணிபு.

1940 ஜூன் திங்களில் பிரான்சு தேசம் ஜெர்மனிக்குப் பணிந்தது. அந்நாட்டு மலைச்சிற்றூராகிய லெ ஷாம்போனில், ஆந்திரே ட்ரோக்மே என்னும் போதகர், படைக்கலமின்றித் தீமையை எதிர்த்து நிற்றலே கிறிஸ்தவர் கடன் எனப் பிரசங்கித்தார். அவ்வூரார் தம்மை நாடிவந்த யூதரை வீடுகளிலும் பள்ளிகளிலும் பண்ணைகளிலும் மறைத்துக் காத்தனர். போதகரின் உறவினரும் மாணவர் விடுதித் தலைவருமாகிய தானியேல் ட்ரோக்மே, 1943இல் தம் மாணவர் பலரோடு சிறைப்பட்டு, 1944இல் மைதானெக் முகாமில் உயிர்நீத்தார். போர் எங்ஙனம் முடியுமென்று அவர்கள் அறிந்திலர். ஆயினும் கதவைத் தட்டினவருக்குத் திறந்தனர்.

மாணவராகிய நமக்கும் கடன் அதுவேயன்றோ? பகைவருக்காகவும் வேண்டுவோம், பகை வளர்க்கும் பொய்ச்செய்தியைப் பரப்பாதிருப்போம், வீடிழந்து வருவோரை, அவர் சமயம் யாதென வினவாது, ஏற்போம். முடிவு தேவனுடையது, வாயில் நம்முடையது.