படம் எதற்கு?

போட்டோ என்றும் கலை என்றும் சொன்னவுடனே நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு ஞாபகத்துக்கு வருவது என்ன? கலியாணப் படம், பூஜையறைப் படம், மாலை போட்டுக்கொண்டு நிற்கும் பெரிய மனிதர் படம். இவை தவிரப் படத்துக்கு வேறு வேலை உண்டு என்று நினைப்பவர்கள் மிகச் சிலரே. “கலை என்பது அழகுக்கல்லவா? அதில் கூலிக்காரன் கஷ்டத்தைக் கொண்டுவந்து நுழைக்கலாமா?” என்று கேட்கும் பண்டிதர்களும் இருக்கிறார்கள். அழகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை ஆலையில் விரலைப் பறிகொடுக்கும்போது, அதை மறைத்துவிட்டு மலரையும் நிலவையும் மாத்திரம் காட்டும் கலையால் யாருக்கு லாபம் என்றுதான் கேட்கிறோம்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு காரியத்தைப் பார்ப்போம். 1900-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அந்நாட்டில் 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிழைப்புக்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள். பஞ்சாலையில் அறுந்த இழையை முடியும் பெண் குழந்தைகள், நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் பையன்கள், கண்ணாடித் தொழிற்சாலையில் இராத்திரி வேலை பார்க்கும் சிறுவர்கள் இப்படி எத்தனையோ பேர். சுதந்திர தேசம், நாகரிக தேசம் என்று பேர் வாங்கிய நாட்டின் யோக்கியதை இது!

இதை எதிர்ப்பதற்காக 1904-ல் அங்கு தேசியக் குழந்தைத் தொழில் கமிட்டி என்று ஒன்று ஏற்பட்டது. அதற்காக 1908 முதல் முழுநேரமும் படம் எடுக்கப் புறப்பட்டவர் லூயிஸ் ஹைன் என்பவர். 1874-ல் பிறந்தவர், இளம் வயதில் தகப்பனாரை இழந்து, நாற்காலி மேஜை செய்யும் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்தவர், பிறகு நியூயார்க்கில் பள்ளி ஆசிரியரானவர். அந்தப் பள்ளி வேலையை விட்டுவிட்டுத்தான் காமிராவைத் தூக்கினார்.

முதலாளிகள் இவரை வாருங்கள் என்று கூப்பிடுவார்களா? ஆகவே ஒரு ஊரில் தபால் கார்டு விற்பவராகவும், ஒரு ஊரில் இயந்திரங்களைப் படம் பிடிக்க வந்தவராகவும், ஒரு ஊரில் பைபிள் விற்பவராகவுங்கூட உள்ளே போனார். உண்மையைச் சொல்ல வந்தவனுக்குக் கதவு அடைப்பு. வேதம் விற்க வந்தவனுக்குக் கதவு திறப்பு! இதிலிருந்தே வாசகர்கள் விஷயத்தை யூகித்துக்கொள்ளலாம்.

வெறும் படம் எடுத்தால் “பொய்ப் படம்” என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? எனவே பிள்ளையின் பேர், வயது, வேலை, கூலி எல்லாவற்றையும் விசாரித்து, சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே நோட்டில் குறித்துக்கொள்வார். தமது சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று முன்னமே அளந்து வைத்திருந்தபடியால், பக்கத்தில் நிற்கும் குழந்தையின் உயரம் தெரிந்துவிடும். 1908-ல் தென் கரோலினா மாநிலத்து லங்காஸ்டர் பஞ்சாலையில் எடுத்த படத்திலுள்ள சிறுமியின் உயரம் 48 அங்குலம் என்று எழுதி வைத்தார். நான்கே அடி! கண்ணுக்கெட்டிய மட்டும் நீண்ட நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் அவள் நிற்கிறாள். “இந்தக் குழந்தை சும்மா பார்க்க வந்தது” என்று மேஸ்திரி சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

“வேலை செய்வது குழந்தைக்கு நல்லது; விதவைத் தாய்க்கு உதவி” என்று முதலாளிகள் வாதாடினார்கள். நல்லது என்றால் தங்கள் பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை?

ஹைன் 5000-க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றைக் கமிட்டியார் பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் கண்காட்சியிலும் காட்டினார்கள். 1916-ல் சட்டம் வந்தது. ஆனால் 1918-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 4 என்ற கணக்கில் அதைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. மறுபடி உழைத்து 1938-ல்தான் நிலைத்து நிற்கும் சட்டம் கிடைத்தது. ஹைன் வீட்டையும் இழந்து, வறுமையிலேயே 1940-ல் இறந்துபோனார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? படம் மாத்திரம் எதையும் சாதித்துவிடாது. படத்துக்குப் பின்னால் உண்மையான விவரமும், அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகும் ஆட்களும், சட்டம் வருகிற வரையில் விடாத கிளர்ச்சியும் வேண்டும். அதே சமயம், படம் இல்லாதிருந்தால் அந்தக் கிளர்ச்சியைப் பிரபுக்கள் சுலபமாய்ப் புளுகு என்று தள்ளியிருப்பார்கள்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்போன் காமிரா இருக்கிறது. அதைக் கொண்டு என்ன செய்கிறோம்? ஒரு மூட்டை அரிசியைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற கிழவியை நடுவில் நிறுத்திப் படமெடுக்கிறோம். அந்தப் படத்தில் தெரிவது யார்? கொடுத்தவன் பல்தான் தெரிகிறது. அவள் ஏன் பசித்தாள் என்பது தெரிவதில்லை. ஏழையின் மானத்தை வாங்கித் தன் கீர்த்தியை வளர்ப்பது தர்மமாகாது. அதுவும் ஒரு வியாபாரந்தான்.

ஆகவே தோழர்களே! படம் எடுங்கள். கையால் மலக்குழி இறங்குகிறவனைக் கண்டால், பள்ளிக்கூட வயதில் பட்டறையில் நிற்கும் பிள்ளையைக் கண்டால் எடுங்கள். ஆனால் அவர்கள் சம்மதத்தோடு எடுங்கள். அதனால் அவர்களுக்குத் தீங்கு வராதபடி எடுங்கள். நாள், இடம், கூலி விவரத்தோடு எடுங்கள். எடுத்தபின் “ஐயோ பாவம்” என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். பரிதாபம் பிச்சை போட்டுவிட்டுப் போய்விடும். நமக்கு வேண்டியது நியாயம்.