படிமம் கடல் கடக்கிறது. படைத்தவன் பெயர் எங்கே?

தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டுவித்தவன் வேந்தன் இராசராசன், கட்டியவன் குஞ்சரமல்லன். ஆயிரம் ஆண்டு கழிந்தும் அக் கட்டடக் கலைஞனின் பெயர் வாழ்கின்றது. 'இராசராசப் பெருந்தச்சன்' என்னும் பட்டத்தோடு அக்கோயிற் கல்வெட்டிலேயே அவன் பெயர் பொறிக்கப்பெற்றுள்ளது. உழைத்த கைக்குரிய பெருமையை மறையாத பண்பாடு அது.

அப் பண்பாட்டின் வழித்தோன்றல்கள் இன்று எந்நிலையில் உள்ளனர்? குடந்தையை அடுத்த சுவாமிமலைக்குச் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். சோழர்காலப் படிமக்கலை அங்கே இன்னும் உயிரோடிருக்கின்றது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து முதலில் மெழுகுரு சமைக்கின்றனர். தென்னங்கீற்றை மடித்து உறுப்பளவு குறிக்கின்றனர். காவிரியின் நுண்வண்டலை அம் மெழுகின்மேற் பூசி, அதன்மேல் வன்மண் அப்பி உலர்த்துகின்றனர். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேற, அவ்வெற்றிடத்தில் உருக்கிய ஐம்பொன்னை வார்க்கின்றனர். பின்னர் அச்சை உடைத்தே படிமத்தை வெளியே எடுத்தல் வேண்டும். ஆதலின் ஓர் அச்சுக்கு ஒரே படிமம். ஒன்றைப்போல் மற்றொன்று பிறப்பதில்லை. அதன் பிறகும் உளிவேலை எத்தனையோ நாள்கள் நீளும்.

இக்கலைக்கு உலகில் மதிப்பில்லை என்று எவரும் சொல்லவியலாது. 2023-இல் புதுத்தில்லியில் இருபது நாட்டுக் கூட்டமைப்பின் மாநாடு நடந்த அரங்கின்முன் நிறுத்தப்பெற்ற 27 அடி உயர ஆடவல்லான் படிமம், சுவாமிமலைக் கலைஞர் வார்த்தளித்ததே. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலினின்று களவாடப்பெற்ற சோழர்கால ஆடவல்லானை ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 இலக்கம் அமெரிக்கத் தாலர் கொடுத்து வாங்கியது. களவு வெளிப்பட்டபின் 2014-இல் அந்நாடு அதனைத் திருப்பியளித்தது. களவுப் பொருளுக்கு இத்துணை விலை! அதே மரபில், அதே முறையில் இன்று வார்க்கின்ற கைக்கு என்ன விலை?

கைவினைஞரை வாழ்விக்க வேண்டுமெனின் அவர்தம் பொருளை உலகச் சந்தைக்கு ஏற்றுக என்பர். அது சரியே. கடல்கடந்த வாணிகம் தமிழர்க்குப் புதிதன்று. மிளகும் துணியும் மேலைநாடுகளுக்குச் சென்ற வழி அது. கலைப்பொருளை விற்பதில் இழிவும் இல்லை. ஆயின், விற்பவன் யார், எப்பெயரால் விற்கிறான் என்பதே வினா. வார்ப்பவனிடம் எடைக்கணக்கில் வாங்கி, அவன் பெயரை மறைத்து, 'இந்தியக் கலைப்பொருள்' என்னும் பொதுப்பெயர் ஒட்டி விற்கும் இடைவணிகன் வளர்வானே அன்றிக் கலைஞன் வளரான். மணல்வார்ப்பில் ஒரே அச்சுருவைக் கொண்டு பலவாகப் பெருக்கப்பெறும் பித்தளை உருக்கள் அதே கடையில், அதே பெயரில், குறைந்த விலையில் நிற்கும்போது, வாங்குவோன் வேற்றுமை காண்பது எங்ஙனம்?

சட்டம் இல்லாமல் இல்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பெற்று 2003-இல் நடைமுறைக்கு வந்தது. சுவாமிமலைப் படிமங்களும் அக்குறியீட்டைப் பெற்றுள்ளன. ஆயின் அப்பதிவு இந்நாட்டெல்லைக்குள் மட்டுமே காக்கும்; அயல்நாட்டில் காப்பு வேண்டின் அங்கும் அந்நாட்டுச் சட்டப்படி உரிமை பெறுதல் வேண்டும். இங்கேயும், பயனராகத் தம்மைப் பதிந்துகொண்ட கலைஞரே அக்குறியீட்டை ஆளமுடியும். பட்டறையில் பகல் முழுதும் வெந்து உழைப்போன் எந்த அலுவலகத்தின் படியேறிப் பதிவான்? இஃதன்றி, நூறாண்டு கடந்த படிமங்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கின்றது, தடுக்கவும் வேண்டும். ஆதலின், நேற்று வார்த்த படிமத்துக்கும் 'இது தொல்பொருள் அன்று' என்று தொல்லியல் துறையின் சான்று பெற வேண்டியுள்ளது. திருடனைத் தடுக்கும் வேலி, நேர்மையாளனின் வழியை அடைத்துவிடலாகாது.

எனவே செய்யத்தக்கன சில உள. ஒவ்வொரு படிமத்தின் அடியிலும் வார்த்தவன் பெயரும் ஊர்ப்பெயரும் ஆண்டும் தமிழெழுத்தில் பொறிக்கப்பெறல் வேண்டும். களவுப் படிமத்தினின்று புதுப்படிமத்தைப் பிரித்தறியவும் அது துணைசெய்யும். 1973-இல் தோன்றிப் 'பூம்புகார்' என்னும் பெயரால் விற்பனை நடத்தும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், விற்பனை விலையில் கலைஞன் பங்கு இவ்வளவென வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். உலோகம் வாங்க முன்பணமும், அயல்நாட்டுப் பதிவுக்கான செலவும் அரசின் பொறுப்பாதல் வேண்டும். தொல்லியற் சான்று குடந்தையிலேயே விரைந்து கிடைத்தல் வேண்டும்.

அரசை மட்டும் நோக்கியிருத்தலும் போதாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழர் கோயில்கள் எழுந்துள்ளன. அவற்றுக்கு வேண்டும் படிமங்களை இடைவணிகன் வழியன்றிப் பட்டறைக்கே எழுதி வாங்கினால், அதுவே முதற் பெருஞ்சந்தை. தமிழனே தமிழ்க்கலைஞனின் பெயரைக் கேட்டு வாங்கவில்லையெனின், அயலான் ஏன் கேட்பான்?

உரிய விலை கிடைத்தால் தந்தை மகனுக்குத் தொழிலைக் கற்பிப்பான். கிடையாவிடின் மகன் வேறு வேலைக்குப் போவான். அவனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆயின் அவனோடு ஆயிரமாண்டுக் கைத்திறனும் போய்விடும். காவிரி வண்டல் கிடக்கும், அதைப் பூசத் தெரிந்த விரல் இராது. குஞ்சரமல்லன் பெயரைக் கல்லில் காத்த இனம், இன்றைய கலைஞனின் பெயரைச் செம்பில் பொறிக்கத் தயங்கலாமா? பொறிக்க! அப்பெயரோடு கடல் கடக்கட்டும் தமிழ்ப்படிமம்!